பேரப் பிள்ளையோடு படப் புத்தகம்: வாசகர் கேள்விகள்

பேரனுக்கு ஒன்றரை வயது. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான், இல்லாவிட்டால் கிழித்துவிடுகிறான். இந்த வயதில் புத்தகம் வாங்குவது வீண்தானா?
(வாசகி, திருநெல்வேலி)

வீணே இல்லை. காகிதப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, கனத்த அட்டையில் அச்சிட்ட ‘போர்டு புக்’ கொடுங்கள். எதையும் வாயில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வயது இது. அவன் வேண்டுமென்றும் கிழிப்பதில்லை. மெல்லிய தாளை ஒன்று ஒன்றாகப் பிரிக்க விரல்களுக்கு இன்னும் வசப்படவில்லை. கொத்தாகப் பிடித்து இழுக்கிறான், தாள் கிழிகிறது. அட்டைப் பக்கத்தை அவனால் தானே புரட்ட முடியும். இரண்டு மூன்றாகச் சேர்த்துப் புரட்டினாலும் தடுக்காதீர்கள். புரட்டுவதே அவனுக்கு இப்போது பெரிய வேலை.

கடையில் நான்கு விஷயம் பாருங்கள். முனைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். புத்தகத்தை முழுக்க விரித்தால் நடு முதுகில் விரிசல் விடக்கூடாது. பக்கத்தின் ஓரத்தை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். அச்சுத் தாள் அட்டையிலிருந்து எழும்பினால், நாளைக்கு அது உரிந்து அவன் வாய்க்குள் போகும். அழுத்தினால் மியாவ் என்று கத்தும் புத்தகமானால் பேட்டரி மூடியில் திருகு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே ஆபத்து. திருகு இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

படத்தைப் பொறுத்தவரை, பக்கத்துக்கு ஒரு பொருள், பின்னால் வெறும் நிறம். அது போதும். ஒரே பக்கத்தில் இருபது காய்கறியைக் கட்டம் கட்டிப் போட்ட புத்தகங்கள்தான் கடைகளில் அதிகம். அவற்றில் குழந்தையின் கண் ஓரிடத்தில் நிற்காது. நமக்கும் “இது என்ன? அது என்ன?” என்று பரீட்சை வைக்கத்தான் தோன்றும். திறந்து பார்க்கும் மடிப்புகள், எழுந்து நிற்கும் படங்கள் உள்ள புத்தகம் மூன்று வயதுக்கு மேல்.

எச்சில் பட்ட அட்டைப் புத்தகத்தைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். துணியை ஒரு சொட்டு சோப்பு நீரில் தோய்த்து, இறுகப் பிழிந்து துடையுங்கள். பிறகு பக்கங்களை விசிறி போல் விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும்.

நான் எழுத்துகளைப் படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அதற்குள் மூன்று வயதுப் பேத்தி எழுந்து ஓடிவிடுகிறாள். எப்படித்தான் வாசித்துக் காட்டுவது?
(வாசகர், கோயம்புத்தூர்)

எழுத்தை மட்டும் படித்தால் எந்தப் படப் புத்தகமும் இரண்டு நிமிடம்தான். கதையின் பாதி படத்தில் இருக்கிறது. எழுத்தை நீங்கள் வாசிக்கிறீர்கள், படத்தை அவள் வாசிக்கிறாள். அவளுடைய பாதிக்கு நேரம் கொடுக்காமல் பக்கத்தைப் புரட்டினால் அவள் எழுந்துதான் போவாள்.

இதற்கு நல்ல சான்று பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோசீஸ் வாக்’. ஒரு கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் மேலேறி, சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்புகிறது. மொத்த எழுத்தும் ஒரே ஒரு வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். ஆனால் படத்தில் முதலிலிருந்தே ஒரு நரி பின்னால் வருகிறது. பாய்கிறது, மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது. மறுபடி பாய்ந்து குளத்தில் விழுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது! தாத்தா கோழியைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டிருக்க, “நரி! நரி!” என்று குழந்தை கத்துகிறது. தாத்தாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்ற அந்தச் சந்தோஷம்தான் குழந்தையை மறுபடி புத்தகத்துக்கு இழுத்து வரும். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே பாருங்கள். எழுத்து சொன்னதையே படமும் திருப்பிச் சொன்னால் அந்தப் புத்தகம் சீக்கிரம் சலிக்கும்.

முறை இப்படி. முன் அட்டையில் ஆரம்பியுங்கள். அட்டையில் இருப்பவர் எங்கே போகிறார் என்று பேசுங்கள். அட்டையைத் திறந்ததும் வரும் உள்தாளையும் தாண்டிப் போகாதீர்கள், அங்கேயும் பல ஓவியர்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்தைப் புரட்டியதும் உடனே படிக்காமல் மூன்று நான்கு விநாடி சும்மா இருங்கள். அவள் கண் படத்தைச் சுற்றி வரட்டும். அப்புறம் எழுத்தைப் படியுங்கள். படித்து முடித்து மறுபடி சற்று நிறுத்துங்கள். அவள் எதையாவது தொட்டால், அதைப் பற்றிப் பேசுங்கள், கதையோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் சரி.

அவள் “நாய்” என்றால், “ஆமா, கறுப்பு நாய், ஈரமா இருக்கு” என்று நீங்கள் இரண்டு சொல் கூட்டிச் சொல்லுங்கள். அடுத்த முறை அவளே “ஈர நாய்” என்பாள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைத்தான் சோதித்தது. இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, இப்படிக் கேட்டு, காத்திருந்து, குழந்தை சொன்னதை விரித்துச் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வாசித்தார்கள். நான்கே வாரத்தில் முதல் குழுவின் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

“இது என்ன நிறம்?” என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்காதீர்கள். விடை உங்களுக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். “இவன் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்?” “இப்ப என்ன ஆகும்?” போன்ற கேள்விகள் இரண்டோ மூன்றோ போதும், ஒரு புத்தகத்துக்கு.

உட்காரும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. படிக்கும் கண்ணாடி பொதுவாக 35 முதல் 40 செ.மீ. தூரத்துக்குப் போடப்படுகிறது. குழந்தையை மடியில் வைத்தால் புத்தகம் அரை மீட்டருக்குத் தள்ளிப் போகிறது. பைஃபோகல் அணிந்தவர்களுக்குக் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க அவள் தலை குறுக்கே நிற்கும். எழுத்து மங்கலாகிறது, நாம் தடுமாறுகிறோம், குழந்தை கவனம் கலைகிறது. அதனால் மடியை விட்டு, பக்கத்தில் ஒட்டி உட்கார வைத்து, இருவர் தொடை மேலும் ஒரு தலையணை, அதன் மேல் புத்தகம். விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். வழவழப்பான தாளில் டியூப் லைட் பளிச்சென்று அடித்தால், புத்தகத்தின் மேல் விளிம்பைச் சற்று உயர்த்துங்கள்.

ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். புதிது வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.
(வாசகி, மதுரை)

கேட்கும்வரை அதையே படியுங்கள். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு ஒரே கதையை மூன்று முறையும், மற்றவர்களுக்கு மூன்று வெவ்வேறு கதைகளையும் படித்தார்கள். புதுச் சொற்கள் எல்லாருடைய காதிலும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்தன. சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தது ஒரே கதையைக் கேட்டவர்கள். கதை தெரிந்துவிட்டால் கவனம் சொல்லுக்குப் போகிறது.

நீங்கள் சலித்துப்போய் ஒரு வரியைத் தாண்டிவிட வேண்டாம், உடனே பிடித்துவிடுவான். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருங்கள், அவன் நிரப்பட்டும். புதுப் புத்தகத்தை அவன் கை எட்டும் இடத்தில் அட்டை தெரிகிற மாதிரி வையுங்கள், முதுகு மட்டும் தெரிந்தால் அவனுக்கு அது புத்தகமே இல்லை.

பேரப் பிள்ளைகள் நியூஜெர்சியில். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. வீடியோவில் புத்தகம் படித்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். புத்தகத் தமிழும் அவர்களுக்குப் புரிவதில்லை.
(வாசகர், தூத்துக்குடி)

ஒரே புத்தகம் இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களிடம். திரையில் காட்டும் பக்கத்தைவிடக் கையில் இருக்கும் பக்கம்தான் பிள்ளையைப் பிடித்து வைக்கும். நீங்கள் படிக்க, அங்கே அவர்கள் புரட்டுவார்கள். புரட்டும் வேலை இருப்பதால்தான் உட்கார்ந்திருப்பார்கள். பக்க எண் அச்சிடாத புத்தகமானால் இரண்டு பிரதியிலும் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். “எட்டாம் பக்கம், மரத்துக்குக் கீழே பாரு” என்று சொல்ல வசதி.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். அங்கே கோடைக் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அவர்கள் தூங்கப் போகும் இரவு ஏழரை, நமக்கு விடிகாலை ஐந்து அல்லது ஆறு. சனிக்கிழமை காலை எட்டரை, நமக்கு மாலை ஆறு அல்லது ஏழு. வார நாட்களில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கூப்பிட்டால் எந்தப் புத்தகமும் எடுபடாது. பத்து நிமிடம் போதும், கிழமையும் மணியும் மாறாமல் இருக்கட்டும்.

பக்கத்தைக் காட்ட வேண்டியிருந்தால் கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் நிறுத்துங்கள். உங்கள் திரையில் எழுத்து இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் பதற வேண்டாம். முன்பக்க கேமராவில் உங்களுக்குத் தெரியும் உங்கள் படம் மட்டும்தான் கண்ணாடி போல் திரும்பும், எதிர்முனையில் நேராகவே தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், உங்கள் முகம் கறுத்துப் போகும். முகம் தெரியாவிட்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். குழந்தைகளுக்குத் திரை கூடாதே என்று தயங்குகிறீர்களா? அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட பரிந்துரை, ஒன்றரை வயதுக்குக் கீழே திரையைத் தவிர்க்கச் சொன்னபோதும் வீடியோ அழைப்புக்கு விலக்குத் தந்தது.

புத்தகத் தமிழ் விஷயத்துக்கு வருவோம். ‘உறங்குகிறது’ என்று அச்சில் இருக்கும், வீட்டில் அவர்கள் கேட்டது ‘தூங்குது’. மூன்று வயதுவரை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள், தவறே இல்லை. அதற்கு மேல், முதல் முறை பேச்சுத் தமிழில் கதை சொல்லிவிட்டு, இரண்டாம் முறை அச்சில் உள்ளபடி படியுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ‘உறங்குகிறது’ தானாக விளங்கிவிடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால்தான் குழப்பம். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும் இருமொழிப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிடுகிறது. தமிழ் படிக்கத் தடுமாறும் மருமகனுக்கோ மருமகளுக்கோ அவை பெரிய துணை. ஆனால் நீங்கள் படிக்கும்போது தமிழ் மட்டும். ஆங்கிலத்தையும் சேர்த்துப் படித்தால் பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்துவிடுவார்கள், தமிழ் காதில் ஏறாது.

முப்பது வருடம் ஆசிரியராக இருந்தேன். இப்போதைய படப் புத்தகங்கள் பலவற்றில் நீதியே இல்லை. பூதமும் அரக்கனும் வேறு. நாலு வயதுப் பேத்திக்கு இவை எதற்கு?
(வாசகர், கும்பகோணம்)

மாரிஸ் சென்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963இல் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அடம் பிடித்த சிறுவன் மேக்ஸ் இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்படுகிறான். அறை காடாகிறது. பூதங்களின் நாட்டுக்குப் படகில் போய் அவற்றுக்கு ராஜாவாகி, ஆட்டம் போட்டுத் திரும்புகிறான். அறையில் சாப்பாடு காத்திருக்கிறது, சூடு ஆறாமல். படங்களைக் கவனியுங்கள். முதலில் பக்கத்தின் நடுவில் சின்னக் கட்டமாக இருக்கும் படம், அவன் கோபம் வளர வளரப் பெரிதாகி, பூதங்களோடு ஆடும் இடத்தில் மூன்று விரிபக்கங்களை (எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) முழுவதும் நிரப்பிவிடுகிறது. அங்கே எழுத்தே இல்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கோபப்பட்டாலும் அம்மா சோறு வைப்பாள் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. நாம் எடுத்துச் சொன்னால் அது மறுபடி நம்முடைய சொத்தாகிவிடும்.

ஐம்பது வயதில் நமக்கு நினைவிருக்கும் கதைகளில் காக்கா வடையைப் பறிகொடுத்ததுதான் நிற்கிறது, கீழே எழுதியிருந்த நீதி வாசகம் நிற்கவில்லை. ஆகவே கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

பயத்தைப் பொறுத்தவரை, முதல் முறை பகலில் காட்டுங்கள். முன்கூட்டியே நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள். அவள் அட்டையை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து எடுங்கள். வற்புறுத்தினால் அந்தப் புத்தகம் என்றென்றைக்கும் பயந்த புத்தகமாகவே இருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றே ஐந்நூறு, அறுநூறு ரூபாய். ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகவில்லை. தமிழில் நல்லதாக, குறைந்த விலையில் எங்கே கிடைக்கும்?
(வாசகி, விழுப்புரம்)

முதலில் நூலகம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். வாங்குவதானால் நேஷனல் புக் டிரஸ்ட்டும், பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகளும் விலை கட்டுப்படியானவை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாக வகுக்கப்பட்டவை. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அவற்றைப் பார்க்கலாம்.

இலவசமாக வேண்டுமானால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு, நான்கு படிநிலைகளாகப் பிரித்திருப்பார்கள். யாரும் எடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்சிடுவது சட்டப்படியே சரி. மொழிபெயர்ப்பின் தரம் மட்டும் ஒரே சீராக இராது. கடையானாலும் தளமானாலும் சோதனை ஒன்றுதான்: இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால், ஆங்கில வாக்கியம் அப்படியே தமிழ் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்ததை எடுங்கள்.

அச்சிட்டுத் தைக்கும் முறை: பக்கங்கள் அகலவாக்கில் இருந்தால், ஏ4 தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பக்கம், ஒருபுறம் மட்டும், 90 சதவீத அளவில் அச்சிடுங்கள். 24 பக்கக் கதைக்கு 12 தாள். நடுவில் வெட்டி, பக்க வரிசைப்படி முதுகோடு முதுகு ஒட்டினால் 12 கனத்த இதழ்கள் வரும். ஒட்டக் குச்சிப் பசை; தண்ணீர்ப் பசை போட்டால் தாள் சுருங்கும். லேசர் அச்சு நல்லது, இங்க்ஜெட் மை ஈரக் கை பட்டால் கரையும். இடது ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்துத் தையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம், சின்ன விரல்கள் அதை நெம்பிவிடும். பழைய நாட்காட்டி அட்டை மேலட்டைக்குப் போதும்.

என்னிடம் பழைய ‘அம்புலிமாமா’ பைண்டு வால்யூம்கள் இருக்கின்றன. ஆறு வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா? தாள் பழுப்பேறி உடைகிறது.
(வாசகர், சேலம்)

1947 ஜூலையில் தொடங்கிய இதழ் அது. விக்கிரமாதித்தன் வாளோடு, தோளில் சடலத்தைச் சுமந்து நடக்கும் சங்கரின் ஓவியம் இன்னும் யாரையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். ஆறு வயதுக்கு எழுத்து அடர்த்தி அதிகம். எனவே நீங்கள் கதை சொல்ல, அவன் ஓவியத்தைப் பார்க்கட்டும். ‘இவர் காலில் என்ன, அந்த மரத்தில் தொங்குவது யார்’ என்று அவனே கேட்பான். தானே படிக்க எட்டு வயது ஆகலாம்.

மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் தங்கியிருப்பதால்தான் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, அமிலம் ஏறி நொறுங்குகிறது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை கசிந்து மஞ்சள் கறையாகும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. பிடித்த கதைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து, கெட்டித் தாளில் அச்சிட்டு அவன் கையில் கொடுங்கள். படம் எடுக்கும்போது வால்யூமை 90 பாகைக்கு மேல் விரிக்காமல் இருபுறமும் தலையணை முட்டுக் கொடுங்கள். மூலப் பிரதியைத் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை ஆகாது. மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டால் ரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். தாளோடு நேரே வைத்தால் இலைக் கறை பிடிக்கும்.